சௌனாவோடுதான் வருவேன்

ஹில்க்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "கல்யாணம் பண்ணிக்கிறேன். ஆனா என் சௌனாவோடதான் வருவேன். அது என்னிக்கு உன் வாசல்ல வந்து நிக்குதோ, அன்னிக்கே பாதிரியார்கிட்ட போவோம்" என்றாள்.

சௌனா என்ன, மடியில் கட்டிக்கொண்டு வருகிற சாமானா? பைன் மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய ஆவிக்குளியல் அறை. நாலு டன் கனம். உள்ளே கல்லடுப்பு, அதன் பக்கத்தில் எண்பது லிட்டர் வெந்நீர்க் கொப்பரை, ஏறி உட்காரப் படிப்படியாகப் பலகை. ஹில்க்கா பிறந்ததே அதற்குள்தான். அவள் புருஷன் செத்தபோது அவனைக் கடைசியாகக் கழுவித் துடைத்ததும் அதற்குள்தான். பின்லாந்தின் இந்தக் கைனூ பக்கத்தில் ஒரு பெண் தன் சௌனாவை விட்டு வரமாட்டேன் என்றால், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ரெய்யோவும் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினான். ஐம்பத்து மூன்று வயதில் முதன்முதலாகக் கல்யாண ஆசை வந்தவன் எதற்குத்தான் தலையாட்ட மாட்டான்? கல்யாணம் ஆகாமல் பைத்தியம் தெளியாது, பைத்தியம் தெளியாமல் கல்யாணம் ஆகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டு வீடும் கூப்பிடு தூரம்தான். கிழக்குச் சரிவின் மேலே ஹில்க்கா வீடு. மேற்குக் கரை மேட்டில் ரெய்யோவும் அவன் அண்ணன் ஐமோவும் இருக்கும் வீடு. நடுவில் தாழ்ந்த புல்வெளி, அதற்குள் ஓர் ஓடை. கோடையில் அங்கே முழங்கால் சேறு, நாலு டன் நகராது. நடுக்குளிர் காலத்தில் மாவு மாதிரி ஆழப்பனி, வைத்தால் மூழ்கும். ஒரே வழி பொருக்கு. வசந்தத்தில் பகல் வெயிலுக்கு மேல்பனி இளகி, இரவுக் குளிருக்கு மறுபடி இறுகினால், விடியும்போது பனிமேல் கெட்டியாக ஒரு பொருக்கு கட்டியிருக்கும். குதிரையே நடக்கலாம். ஆனால் காலை ஒன்பதுக்கு மேல் வெயில் உறைத்துவிட்டால் மனுஷன் இடுப்பு வரை உள்ளே போய்விடுவான்.

முதல் வருஷம் பனியே சரியாக விழவில்லை. இரண்டாம் வருஷம் ரெய்யோ காலை முறித்துக்கொண்டான். மூன்றாம் வருஷம் விழுந்தது பாருங்கள் பனி, ஏப்ரல் கடைசியிலும் ஜன்னல் மட்டத்துக்கு. விழுந்துகொண்டே இருந்ததால் பொருக்கு கட்டவில்லை. மே மாதம் பிறந்தபின்தான் வானம் வெளுத்து, மூன்று நாள் நல்ல வெயிலும் நல்ல குளிரும் அடித்தது. மூன்றாம் நாள் ரேடியோவில் சொன்னார்கள், நாளை மதியத்திலிருந்து காற்று திரும்பும், மழை வரும் என்று. அதாவது இருப்பது ஒரே ஒரு காலை. தப்பினால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் காத்திருந்தால் மாப்பிள்ளைக் கோலத்தில் தன்னைச் சவப்பெட்டியில்தான் வைப்பார்கள் என்று ரெய்யோவுக்குத் தோன்றிவிட்டது.

விடிகாலை நாலு மணிக்கே வெயில் பளீரென்று வந்துவிட்டது. ஊரில் நடக்க முடிந்த முப்பது பேரும் பொருக்கின்மேல் நடந்தே வந்தார்கள். ஏழு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனம். வேலியும் தெரியவில்லை, பாதையும் வேண்டாம், நினைத்த திசையில் நடக்கலாம் என்றால் யாருக்குத்தான் கிறுக்குப் பிடிக்காது? கடைக்கார லெம்பி, நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை, ஐமோ வீட்டு ஆப்பிள் மரத்தின் உச்சிக்கிளையைக் கையால் தொட்டுவிட்டு வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மே தினத்துக்குப் பிழிந்து பொரித்த முறுக்கு ஒரு கூடை கொண்டுவந்திருந்தாள். அது அங்கேயே காலியானது.

சௌனாவின் அடியில் இரண்டு பெரிய சறுக்குக்கட்டைகள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அடுப்புக் கல்லை எடுத்துவிடலாம் என்று ரெய்யோ சொன்னதற்கு ஹில்க்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தக் கல்லை அடுக்கினது நான். இன்னொருத்தன் கை படக்கூடாது" என்றாள். சரி, அதோடு இழுப்போம் என்று வடத்தைக் கட்டினார்கள்.

ஐமோ முன்னால் நின்று கட்டளையிட்டான். அவன் எந்த வேலையிலும் முன்னால்தான் நிற்பான். வடத்தைத் தொடமாட்டான்.

"இழுங்கடா. என்னமோ சவ ஊர்வலத்துக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க."

"நீங்களும் ஒரு கை பிடிச்சா என்னவாம்?" என்றாள் லெம்பி.

"நான் பிடிச்சா யாரு பாக்கிறது? டேய் ரெய்யோ, நல்லா இழு. சௌனா வரலேன்னா அப்புறம் நீதான் பெட்டியக் கட்டிக்கிட்டு அங்க போயி வீட்டோட மாப்பிள்ளையா உக்காரணும்."

முப்பது பேரும் சிரித்தார்கள். ரெய்யோவும் சிரித்தான். இந்தப் பக்கத்தில் ஓர் ஆம்பளைக்கு அதைவிடக் கேவலமான பேர் கிடையாது. ஹில்க்கா மட்டும் சிரிக்கவில்லை. சௌனாவின் வாசற்படியில் ஏறி நின்றுகொண்டு, கையுறையைச் சரிசெய்தாள்.

சௌனா முதலில் அசையவே இல்லை. பிறகு முனகியது. பிறகு ஒரு சாண் நகர்ந்தது. அப்புறம் ஏதோ இத்தனை நாள் இதற்குத்தான் காத்திருந்ததுபோலச் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் ரெய்யோ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இழுத்தான். அப்படித் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது.

"அண்ணே, சௌனாவுல புகை வருது."

"வரும். நான்தான் மூட்டினேன். ரெண்டு மணிக்கே வந்து மூட்டிட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? முப்பது பேரு வேலை செய்றாங்க. வேலை முடிஞ்சா அவங்களுக்குச் சௌனா உண்டா இல்லியா? அங்க போயி மூட்டினா எப்ப சூடாகிறது? கொப்பரை நிறையத் தண்ணியும் ஊத்தியிருக்கேன். இந்நேரம் கொதிச்சிருக்கும்."

வேறு ஊராக இருந்தால் அந்த இடத்திலேயே ஐமோவை நாலு சாத்து சாத்தியிருப்பார்கள். இந்த ஊரில் முப்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, சரிதானே, நமக்கு ஏன் தோன்றவில்லை என்று தலையை ஆட்டினார்கள். ஒரு நொடி ரெய்யோவே அண்ணன் நல்ல காரியம்தான் செய்திருக்கிறான் என்று நினைத்தான். அந்த ஒரு நொடியில் சரிவு வந்துவிட்டது.

இழுத்துக்கொண்டிருந்தவர்களைச் சௌனா துரத்த ஆரம்பித்தது. "விடுங்க, வடத்த விடுங்க" என்று யாரோ கத்த, ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். ஐமோ கட்டளையிட்டுக்கொண்டே ஓடினான். புகைபோக்கியிலிருந்து புகை பறக்க, வாசற்படியில் ஹில்க்கா கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்க, நாலு டன் சௌனா சரிவெல்லாம் தானாக இறங்கிப் புல்வெளிக்குள் பாய்ந்தது. ஹில்க்கா சிரித்த சிரிப்பு இரண்டு கரையிலும் கேட்டது. ஐம்பத்தொரு வயதில் ஒருத்தி அப்படிச் சிரிப்பாள் என்று ரெய்யோவுக்குத் தெரியாது. பின்னாலேயே ஓடியவனுக்குப் பயத்திலும் ஆசையிலும் மூச்சு முட்டியது.

புல்வெளி நடுவில், ரெய்யோ வீட்டு வேலிக்கு இருநூறு அடி இருக்கும்போது, ஒரு மேட்டில் இடித்துச் சௌனா நின்றது. நின்ற வேகத்தில் உள்ளே கொப்பரை கவிழ்ந்தது. எண்பது லிட்டர் கொதிநீர் தரைப்பலகை இடுக்கு வழியாகப் பொருக்கின்மேல் கொட்டியது. உஸ்ஸென்று ஒரு சத்தம். நாலு பக்கமும் ஆவி. அதற்குள்ளிருந்து ஹில்க்கா நிதானமாக இறங்கி வந்தாள். அவள் இறங்க இறங்கச் சௌனாவும் இறங்கியது. பாதிக் கதவு மறைகிறவரை இறங்கி, அப்புறம்தான் ஓய்ந்தது.

தேரை இழுத்துத் தெருவில் விட்டாயிற்று. கடப்பாரை போட்டார்கள், கட்டை கொடுத்தார்கள், வடத்தை மறுபடி கட்டி ஒன்பது மணிவரை இழுத்தார்கள். அது அசையவில்லை. அவர்கள்தான் ஒவ்வொருவராகப் பொருக்கு உடைந்து இடுப்புவரை உள்ளே போனார்கள்.

ரெய்யோ பனிமேல் உட்கார்ந்துவிட்டான். ஐமோ பக்கத்தில் வந்து, "கொப்பரைக்கு மூடி போட்டிருக்கணும்" என்றான். ரெய்யோ ஒரு பிடி பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். பதில் சொல்ல ஆரம்பித்தால் கொலையில்தான் முடியும்.

ஹில்க்கா கதவு முன்னால் பனியை வெட்டி மூன்று படி செய்தாள். தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். "கல்லு நல்லா சூடாத்தான் இருக்கு. வீணாக்குவானேன்? பொம்பளைங்க முதல்ல" என்றாள்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மொட்டைப் புல்வெளி நடுவில், பட்டப்பகலில், அடுத்தடுத்துப் பத்துப் பத்துப் பேராக ஊரே குளித்தது. பெண்கள் குளிக்கும்போது ஆண்கள் எல்லோரும் வரிசையாக மேற்கே பார்த்துத் திரும்பி நின்றார்கள். வேர்த்து வெளியே வந்தவர்கள் அப்படியே இளகிய பனியில் விழுந்து புரண்டார்கள். ஐமோ விழுந்த இடத்தில் ஓடை. தலை மட்டும் வெளியே வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றது. அதைக் கேட்டு ரெய்யோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழவேண்டியவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சாயங்காலம் எல்லோரும் போனபின் ஹில்க்காவிடம் மெதுவாகக் கேட்டான். "இருநூறு அடிதான் பாக்கி. கிட்டத்தட்ட என் வாசல்தானே?"

"கிட்டத்தட்ட கல்யாணம்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மழை வந்தது. சொன்னபடி மதியம் வராமல் மறுநாள் வந்தது, ஆனால் வந்ததும் விடவில்லை. ஏழு மாதப் பனி எட்டு நாளில் போயிற்று. கூரைப்பனி சறுக்கி விழுந்த சத்தம், சரிவெல்லாம் தண்ணீர் ஓடும் சத்தம், எங்கிருந்தோ திரும்பி வந்த கொக்குகளின் சத்தம். ஊரில் ஒருவரும் சும்மா நடக்கவில்லை. ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பெரியவர்களே குட்டையில் குதித்தார்கள். தொலைந்த மண்வெட்டி, ஒற்றைக் கையுறை, ஐமோவின் பல்செட் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ரெய்யோ மட்டும் ஜன்னலில் நின்று சௌனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். புல்வெளி ஏரியாகிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை காபியை ஊற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தவன் கோப்பையைக் கீழே வைத்தான். சௌனா ஆடியது. பைன் மரத்தடிதானே, மிதக்காமல் என்ன செய்யும்? கல்லடுப்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, கௌரவமாக மிதந்தது.

ரெய்யோ போட்ட சட்டையோடு படகுக்கு ஓடினான். வடத்தின் ஒரு நுனியைச் சௌனாவில் கட்டி, மறுநுனியைத் தன் கரையில் கட்டிவிட்டால் போதும். இழுத்துவிடலாம். மூன்று வருஷம் அன்றைக்கே முடிந்துவிடும். அவன் துடுப்புப் போட்டுப் போய்ச் சேர்ந்தபோது, எதிர்க்கரையிலிருந்து இன்னொரு படகு ஏற்கெனவே வந்து கட்டிக் கிடந்தது. வாசற்படியில் ஹில்க்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் காபிப் பிளாஸ்க்.

"லேட்டு" என்றாள்.

"வடத்தப் பிடி. எங்க கரைக்கு இழுத்திடலாம்."

"வடம் எங்க?"

வடம் ரெய்யோ வீட்டுக் கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் படகை எடுத்தவன் அதை மட்டும் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மேற்குக் காற்று எழும்பியது. சௌனா மெல்லத் திரும்பி, புறப்பட்ட இடத்தைப் பார்த்து, ஹில்க்காவின் கரைக்கே போக ஆரம்பித்தது.

ரெய்யோ படகிலிருந்த நீளக் கழியை எடுத்துக்கொண்டு சௌனா விளிம்பில் ஏறித் தண்ணீருக்குள் ஊன்றினான். கழி தரையைத் தொட்டது. உடம்பை முழுக்கக் கொடுத்து அழுத்தினான். சௌனா நின்றது. நின்றுகொண்டு நடுங்கியது. மேற்குக் கரையில் ஐமோ வந்து நின்று, "அப்படியே பிடி, விடாதே" என்று கத்திக் கட்டளையிட்டான். காற்று தணிகிறவரை பிடித்துக்கொண்டிருக்க ரெய்யோவால் முடியும். அவன் கை அப்படிப்பட்ட கை. ஹில்க்கா காபியை இரண்டு மூடியில் ஊற்றினாள். ஆனால் அவள் கண் கழிமேலேயே இருந்தது. அன்றைக்கு முப்பது பேர் சிரித்தபோது சிரிக்காத முகம் அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அட முட்டாளே என்று ரெய்யோ தன்னைத்தானே திட்டிக்கொண்டான். கழியை மேலே இழுத்துப் படகில் போட்டான். சௌனா காற்றோடு நகர்ந்தது.

"இது வர்ற மாதிரி தெரியல" என்றான். "நான் வேணா அங்க வந்திரட்டுமா? வீட்டோட."

ஹில்க்கா ஒரு மூடிக் காபியை அவன் கையில் கொடுத்தாள்.

"மூணு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திட்டிருக்கேன். சௌனாவ நகத்துன்னு சொன்னா, முடியாதுன்னு யோசிச்சு நீயே வருவேன்னு பாத்தேன். நீ என்னடான்னா ஊரையே கூட்டிட்டு வந்து நகத்திட்டே."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"நானா? என் வாயாலயா?"

சௌனா அவள் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் கீழே, இடித்த சத்தம்கூடக் கேட்காமல் கரை தட்டியது. கதவு தண்ணீரைப் பார்த்து நின்றது. முன்பு இருந்த இடத்தைவிட நல்ல இடம்தான்.

எதிர்க்கரையில் ஐமோ இரண்டு கையையும் வாயருகே குவித்து, "டேய், வீட்டோட மாப்பிள்ளை" என்று கத்தினான்.

"ஆமாண்ணே" என்று ரெய்யோ திருப்பிக் கத்தினான். "வரும்போது என் பெட்டியக் கொண்டுவா. சௌனா மூட்டி வைக்கிறேன்."