கூப்பிடுகிற பெயர்

மேற்குத் தாம்பரத்தில் ஐசக் வாத்தியார் வீடு என்றால் எல்லாருக்கும் தெரியும். அவருடைய ஒரே மகன் ஜெபராஜ். அவன் மனைவி ஜெயசீலிக்கு அறுபத்தெட்டாம் வருஷம் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை நல்ல சிவப்பு, நல்ல குரல். எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் பெயரில்தான் வந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிள்ளை ஆணாக இருந்தால் முதல் பெயர் தாத்தா பெயர். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று இன்னொரு வழக்கமும் அதே வீட்டில் இருந்தது. குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்கும் முறை வந்து, அதில் ஆபிரகாமின் மகன் ஈசாக்கு, அதாவது மாமனாரின் அதே பெயர், வந்துவிட்டால் ஜெயசீலி "அந்தக் குமாரன்" என்று வாசித்துக்கொண்டு போய்விடுவாள். ஐசக் வாத்தியார் கண்ணை மூடியபடியே லேசாகச் சிரித்துக்கொள்வார். மருமகளின் மரியாதை அவருக்குப் பிடிக்கும்.

அதனால் பிள்ளைக்கு இரண்டாவதாக இன்னொரு பெயர் வேண்டும். முதல் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும். குளிக்கக் கூப்பிட, சோற்றுக்குக் கூப்பிட, திட்ட, கொஞ்ச, தெருவில் நின்று கத்த, எல்லாவற்றுக்கும் அந்த இரண்டாவது பெயர்தான். பெற்றவள் வாயில் வாழ்நாள் முழுக்கக் கிடக்கப் போகிற பெயர் அது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளே.

ஜெயசீலி ஒரு பெயர் வைத்திருந்தாள். கிருபாகரன். வயிற்றில் இருக்கும்போதே "கிருபா, உதைக்காதேடா" என்று தனக்குள் பேசிக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது, ஒரு நாள் காலைக் காப்பியின்போது ஐசக் வாத்தியார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஐசக் வேதசிரோமணி. முடிவு பண்ணியாச்சு. நம்ம வேதசிரோமணிதான் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்துல பிள்ளையை ஏந்தப் போறவரு. கேட்டதும் எவ்வளவு சந்தோஷப்பட்டாரு தெரியுமா?"

ஜெயசீலிக்கு வாயில் இருந்த காப்பி இறங்கவில்லை. கிணற்றடிக்குப் போய்த் துப்பினாள்.

வேதசிரோமணி யார் என்று சொல்ல வேண்டும். சபைக் கமிட்டியின் காரியதரிசி. மனைவி இறந்தவர். ஜெபராஜ் தற்காலிக வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் யாரை நிரந்தரமாக்குவது என்பதும் அவர் தலையசைப்பில் இருந்தது. வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் எப்போதும் ஈரமாகவே இருக்கிற ஒரு கைக்குட்டை, கன்னத்தில் ஒதுக்கிய பெப்பர்மின்ட். பேசும்போது அது பல்லில் பட்டுக் கடகடக்கும். வெள்ளிக்கிழமை தோறும் வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடத்துவார்.

ஜெயசீலிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது கூட்டம் இவர்கள் வீட்டில் நடந்தது. "பிள்ளைத்தாச்சிக்காகத் தலையில் கை வைத்து ஜெபிப்போம். எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றார். கூடம் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தலையில் இருந்த கை பிடரிக்கு இறங்கியது. பிடரியிலிருந்து ரவிக்கையின் முதுகு விளிம்புக்கு. விளிம்புக்கு உள்ளே. கட்டை விரல் மட்டும் மெதுவாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, வாழைப்பழத்தை அமுக்கிப் பார்க்கிற மாதிரி. குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. சுகப்பிரசவம், நீடிய ஆயுசு என்று வரிசையாக வேண்டிக்கொண்டே போனது. பெப்பர்மின்ட் வாடை அவள் உச்சியில் சூடாக இறங்கியது. கடைசியில் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவளும் சொன்னாள். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அன்றே புருஷனிடம் சொன்னாள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வயசானவர். கண்ணை மூடிட்டு ஜெபிக்கும்போது கை அப்படி இப்படிப் படும். நீ வேற மாதிரி எடுத்துக்காதே" என்றான்.

குரோம்பேட்டையில் ரயில் நிற்கும்போது தோல் பதனிடும் வாடை பெட்டிக்குள் வரும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டால் பல்லாவரம் வருவதற்குள் போய்விடும். அன்று முதல் அவளுக்குப் புருஷன் பக்கத்தில் வந்தாலே ஏதோ வாடை அடிப்பது போல இருந்தது. எந்த முந்தானையால் பொத்துவது?

இப்போது மறுபடி அவனிடம் போனாள்.

"என்னங்க, அந்தப் பேரு வேணாங்க."

"அப்பா வாக்குக் கொடுத்துட்டாரு."

"நான் தினம் அந்தப் பேரைச் சொல்லித்தான் பால் கொடுக்கணுமா?"

"வேதான்னு சுருக்கிக் கூப்பிடேன். ஒரு பேர்தானே ஜெயா. ஜூன் மாசம் என் வேலை பர்மனென்ட் ஆகணும். கொஞ்சம் யோசி."

யோசித்தாள். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு "வேதா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு சிரித்தது. அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தான் பெற்ற பிள்ளை மேலேயே அருவருப்பு வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. வேறு எதற்கும் அவள் அப்படிப் பயந்ததில்லை.

நாத்தனார் தபீதாளிடம் போனாள். தபீதாள் ஜெபராஜின் அக்கா, கல்யாணம் ஆகாதவள், வீட்டில் எல்லாரையும் அதட்டுகிறவள். ஜெபக்கூட்டம் என்றால் மட்டும் கூடத்துக்கு வரமாட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று கையில் கரண்டியோடு சமையலறை வாசலிலேயே நிற்பாள். அவளுக்குப் பக்தி கொஞ்சம் மட்டு என்று ஜெயசீலி நினைத்திருந்தாள். துணி அலசிக்கொண்டிருந்தவளிடம் நடந்ததைச் சொன்னாள்.

தபீதாள் அலசுவதை நிறுத்தவில்லை. "அந்த ஆள் ஜெபத்துல நான் கண்ணை மூடி ரொம்ப வருஷமாச்சு" என்றாள்.

ஜெயசீலி அவளையே பார்த்தாள்.

"அப்படிப் பார்க்காதே. என் பேச்சு எடுபடற வீடா இருந்தா நான் ஏன் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்? அப்பாகிட்ட சொன்னேன். பொம்பளைக்கு நினைப்பு சுத்தமா இருக்கணும்னாரு." சேலையை முறுக்கிப் பிழிந்தாள். "ஞானத்தாயா நான் நிக்கிறேன். ஆனா பிள்ளையை அந்த ஆள்தான் ஏந்துவாராம். ஏந்துறவங்கதான் பேரைச் சொல்லணும். போதகர் காதுல விழுறதுதான் பேரு. தண்ணி பட்டுட்டா அப்புறம் எங்க அப்பாவே வந்தாலும் மாத்த முடியாது."

அவ்வளவுதான் சொன்னாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞானஸ்நானத்தன்று ஆராதனை தொடங்கும் முன் ஜெயசீலி குழந்தைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்தாள். தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்ய வேண்டும் அல்லவா, அதைச் செய்யவில்லை. வேண்டுமென்றே செய்தாளா, அவசரத்தில் மறந்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள்.

ஞானஸ்நானத் தொட்டியருகே எல்லாரும் நின்றார்கள். வேதசிரோமணி சலவைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கும்போது, வாங்க வேண்டிய இடத்தில் வாங்காமல், புறங்கையை அவள் மார்போடு உரசிக்கொண்டு வாங்கினார். "எங்க பேரன், எங்க பேரன்" என்று பெப்பர்மின்ட் கடகடக்கக் குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்தார். குழந்தையின் வயிறு அவருடைய முழங்கையில் அழுந்தியது.

ஜெபராஜ் பார்த்தான். இந்த முறை யாரும் கண்ணை மூடியிருக்கவில்லை. பார்த்துவிட்டுத் தொட்டித் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினான்.

குழந்தை ஒரு முறை விக்கியது. பிறகு தயிராகத் திரிந்த பாலை எல்லாம் கொடகொடவென்று கக்கியது. கோட்டின் காலரில் தொடங்கிக் கடைசிப் பித்தான் வரைக்கும் வழிந்தது. புளித்த வாடை.

"சீ" என்றார் வேதசிரோமணி. அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டார். பிள்ளையை எலியைப் பிடிப்பது போலக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். "பிடிங்க, யாராவது பிடிங்க." ஞானத்தாயாக நின்ற தபீதாள்தான் வாங்கியிருக்க வேண்டும். அவள் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலி வாங்கிக்கொண்டாள்.

போதகர் வயதானவர். எதையும் கவனிக்கவில்லை. புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்தக் குழந்தைக்குப் பெயரிடுங்கள்" என்றார்.

வேதசிரோமணி ஈரக் கைக்குட்டையால் காலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கப் பரவியது. ஐசக் வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் ஜெயசீலி திறந்தாள்.

"ஐசக் கிருபாகரன்."

மருமகள் மாமனார் பெயரைச் சபை நடுவில், அவர் முகத்துக்கு எதிரே, நிறுத்திச் சொன்னாள். ஐசக் வாத்தியாரின் கழுத்து நரம்பு எழும்பியது. போதகர் தண்ணீரை மொண்டார். அந்தப் பெயரையே திருப்பிச் சொல்லி மூன்று தரம் வார்த்தார். குழந்தை வீறிட்டது. முடிந்தது.

மத்தியானம் வீட்டில் விருந்து. பெயர் போனாலும் வேதசிரோமணி விருந்துக்கு வராமல் இருக்கவில்லை. ஜெபராஜின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தலைவாசலுக்கு நேரே உட்கார்ந்தார். எலும்பை உறிஞ்சி உறிஞ்சி இலையோரம் அடுக்கினார். எழுந்து கை கழுவிவிட்டு, "பேரில் என்னம்மா இருக்கு. என் ஆசீர்வாதம் பிள்ளைக்கு உண்டு" என்று பாயில் உட்கார்ந்திருந்த ஜெயசீலியின் தலைக்கு மேலே கையைக் கொண்டுவந்தார்.

தபீதாள் குழம்புச் சட்டியோடு குறுக்கே வந்தாள். "சட்டி சூடு ஐயா. கை பட்டுரும்."

அந்தக் கை நின்றது. பைக்குள் போனது. அவர் ஜெபராஜைப் பார்த்து, "வரேன் தம்பி, ஜூன்ல பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூனில் வேறொருவர் நிரந்தரமானார். ஜெபராஜ் ஊரப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ரயிலேறிப் போய் வர ஆரம்பித்தான். அது அவன் பாடு.

விருந்து கலைந்த பிறகு ஐசக் வாத்தியார் மருமகளைக் கூப்பிட்டார்.

"இத்தனை பேர் முன்னாடி என் பேரை வாய்விட்டுச் சொன்னியே. வெக்கமா இல்ல உனக்கு?"

ஜெயசீலி குழந்தையின் கழுத்து மடிப்பில் ஒட்டியிருந்த காய்ந்த பாலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை அவளுக்குக் குமட்டவில்லை.

"ஒரே தரம்தான் மாமா" என்றாள். "இனிமே சொல்ல வேண்டிய அவசியம் இல்ல."

பிறகு குனிந்து, அவர் காதிலும் விழும்படி கூப்பிட்டாள். "கிருபா. டேய் கிருபா. கழுத்தைக் காட்டுடா."