நாற்பது நிமிடத் தூரம்

“உனக்கு வாய் இருக்கா, இல்லையா?” என்று பெத்தல் விமான நிலையக் கவுண்டர்காரர் ஒருமுறை ஒசீனியாவிடம் கேட்டார். இந்தப் பை உன்னுடையதா என்று அவர் கேட்டதற்கு அவள் புருவத்தை உயர்த்தியிருந்தாள். அவள் ஊர்ப் பக்கத்தில் ‘ஆமாம்’ என்பதற்கு அதுதான் அடையாளம். தெற்கிலிருந்து வந்த அவருக்கு அது தெரியவில்லை. அப்பா வசீலிதான் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். “பதில் சொல்லிட்டாளே. நீங்கதான் கீழ பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

இன்று அப்பா பிளைவுட் பெட்டிக்குள் இருந்தார். பெட்டியை எடை பார்க்கும்போது அதே ஆள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் ஊரான குயிகாக் கிராமத்துக்கு விமானத்தில் நாற்பது நிமிடம். சாலை கிடையாது. ஆறு பாதி உறைந்து கிடந்தது. படகும் போகாது, பனிவண்டியும் போகாது. ஒரு வாரமாக மூடுபனி. நிறைமாதமாக இருந்த அக்கா மட்ரோனா பிரசவத்துக்குப் பெத்தல் வர முடியாமல் அங்கே காத்திருந்தாள். அப்பா இங்கே ஆஸ்பத்திரியில் அவளை எதிர்பார்த்தே இறந்துபோனார். பெட்டியை இறக்கிவிட்டு, அதே விமானம் அக்காவை ஏற்றி வரவேண்டும். மூடியில் இரண்டே திருகுகள் போதும் என்று ஒசீனியா தச்சரிடம் சொல்லியிருந்தாள். திருப்புளி அவள் கோட்டுப் பையில் இருந்தது.

பின் இருக்கைகளைக் கழற்றிப் பெட்டியை வைத்திருந்தார்கள். அவள் விமானி கர்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில் கீழே எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

“ஓடுதளம் தெரியலைன்னா திரும்பிடுவேன். தெரிஞ்சாலும் இறக்கின உடனே கிளம்பணும், பின்னாலயே பனி மூடுது,” என்றார் கர்ட்.

உடனே கிளம்பினால் அக்கா பெட்டியைத்தான் பார்ப்பாள். அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. ஒசீனியா புருவத்தை உயர்த்தவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டின் மைக்கை வாய்க்கு நேராக இழுத்தாள்.

“பத்து நிமிஷம் வேணும். எங்க அக்கா அவரைப் பாக்கணும்.”

கர்ட் திரும்பிப் பார்த்தார். “இத்தனை வருஷமா உன்னை ஏத்திட்டுப் போறேன். உன் குரலை இப்பத்தான் கேக்குறேன்.” பிறகு, “கேட்டுட்டே. நிக்கிறேன்,” என்றார்.

ஓடுதளம் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது.

ஊரே வண்டிகளோடு வந்து நின்றது. பெட்டியை இறக்கியதும் ஒசீனியா முழங்காலிட்டுத் திருகுகளைக் கழற்றினாள். மட்ரோனா வயிற்றைப் பிடித்தபடி மெதுவாகக் குனிந்தாள். அழவில்லை. அப்பாவின் சட்டைக் காலர் உள்ளே மடங்கியிருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டாள். வேறு யாரும் பக்கத்தில் வரவில்லை. காற்று, அவள் கூந்தலைப் பெட்டிக்குள் தள்ளித் தள்ளி விட்டது.

கர்ட் வானத்தைப் பார்த்தார். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் வழக்கத்தில் இறந்தவர் பெயர், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்குப் போகும். ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளையை இறந்தவரின் மகள்கள் அப்பா என்றே கூப்பிடுவார்கள்.

மட்ரோனா எழுந்ததும் ஒசீனியா அவள் பையைத் தூக்கிக்கொண்டு விமானப் படிவரைக்கும் போனாள்.

“அப்பாவை இங்க வரைக்கும் நான் கூட்டிட்டு வந்துட்டேன், அக்கா. அங்கேருந்து நீ கூட்டிட்டு வந்துரு.”

மட்ரோனா அவளைப் பார்த்தாள். புருவம் இரண்டையும் உயர்த்தினாள். பிறகு கைப்பிடியைப் பற்றி ஏறி, கர்ட்டுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வயிற்றுக்குக் கீழே வார்ப்பட்டையை இறக்கி மாட்டிக்கொண்டாள்.