இறங்கி வரட்டும்

கடைசி இறக்கத்தில் சைக்கிள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது யசோதினியின் முன்பையில் கிடந்த போன் அதிரத் தொடங்கியது. ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு நிற்காமல். காலையில் ஒஹியவில் காட்டுக்குள் நுழைந்ததிலிருந்து சிக்னல் இல்லை. இதல்கஸ்ஹின்ன பக்கம் மரங்கள் விலகும் இந்த வளைவில்தான் அது எப்போதும் உயிர் பெறும். அவள் எடுத்துப் பார்க்கவில்லை. பின்னால் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நெதர்லாந்திலிருந்து வந்த கணவனும் மனைவியும். அறுபதைத் தாண்டியவர்கள், மலையே இல்லாத ஊர்க்காரர்கள். பாதை முழுவதும் ஈரக்கல், அதன்மேல் அழுகிய இலை. கையைத் தூக்கி மெதுவாக வரும்படி காட்டிவிட்டு மறுபடி பிரேக்கில் விரல் வைத்தாள்.

இந்தப் பாதையில் வாகனம் வராது. அதற்காகத்தான் வெளிநாட்டுக்காரர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். ஹோர்ன் சத்தமில்லாமல், புகையில்லாமல், மரங்களுக்கு நடுவே நாள் முழுவதும் சைக்கிள் ஓட்டலாம். பதிலுக்கு, விழுந்தால் தூக்கிவரவும் எதுவும் வராது. அதனால் வழிகாட்டிக்கு ஒரே வேலைதான். யாரும் விழாமல் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை முன்னால் வேன் நின்றது. வழக்கமாக அதை ஓட்டிவருவது முஸ்தாக். இன்று பாறூக் நானாவே வந்திருந்தார். அப்புத்தளையில் சைக்கிள் கடை வைத்து, இந்தப் பயணங்களையெல்லாம் ஒழுங்கு செய்பவர் அவர்தான். கடையை விட்டு நகரவே மாட்டார். யசோதினி இறங்குவதற்குள் வந்து சைக்கிளைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"வந்துட்டீங்களா தங்கச்சி? வழுக்கலா இருந்துச்சா?"

"என்ன நானா, நீங்க வந்திருக்கீங்க?"

"அப்பாக்குக் கொஞ்சம் ஏலாதாம். போவோம்."

அப்பாவுக்கு உடம்பு ஏலாமல் போய் இரண்டு வருடமாகிறது. அதைச் சொல்வதற்கு யாரும் கடையைப் பூட்டிவிட்டு வரமாட்டார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எப்ப நானா?"

பாறூக் சைக்கிள் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "காலைல. நீங்க உள்ளுக்குப் போன கொஞ்ச நேரத்துல. முஸ்தாக்கை சைக்கிள்ல உங்க பின்னுக்கு அனுப்பப் பார்த்தேன். அம்மாதான் வேணாம்னாங்க. பதறிக்கிட்டு வந்தா விழுந்துருவா, அவ இறங்கி வரட்டும்னு சொன்னாங்க."

விருந்தினர்களிடம் அவரே ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் வந்து யசோதினியின் சேறு படிந்த கையுறையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். யசோதினி நன்றி சொன்னாள். வேனில் ஏறும்போது, "அந்த ஐயாவோட சைக்கிள்ல செயின் பூரா சேறு நானா. நாளைக்கு எடுக்க முந்திக் கழுவி எண்ணெய் விடச் சொல்லுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது.

காட்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில். அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கணக்குப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. ஓடை குறுக்கிடும் இடத்தில் அந்த ஐயா சொல்லச் சொல்லக் கேட்காமல் சேற்றுக்குள் சைக்கிளை விட்டார். முழங்காலளவு புதைந்து, சைக்கிள் மேல் உட்கார்ந்த கோலத்திலேயே நின்றுவிட்டார். விழவும் இல்லை, நகரவும் முடியவில்லை. அவருடைய மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு அவர். பிறகு யசோதினி மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்றுகூட அப்போது நினைத்தாள்.

அப்பா சிவஞானம், தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்தவர். நெஞ்சில் படிந்த தூசு அவரை விட்டு இறங்கவே இல்லை. படுத்தால் மூச்சு முட்டும். இரவு முழுவதும் யாராவது ஒருவர் அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் வீடு என்பது ஒரே காம்பரா, ஓர் அறைதான். இழுத்து இழுத்து விடும் அந்தச் சத்தத்துக்குள்தான் அவளும் அம்மாவும் சமைத்தார்கள், உடுத்தினார்கள், முறை வைத்துக் கண்ணை மூடினார்கள். அண்ணன் ஜெயகுமார் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து, அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுப் போவான்.

இன்று காலையில் அவள் சப்பாத்து நாடாவைக் கட்டும்போது அப்பா, "இன்னிக்கு இரேன்" என்றார். அவர் தினமும்தான் அப்படிச் சொல்வார். "பொழுதோட வந்துருவேன்ப்பா" என்று அவளும் தினமும் சொல்வதைத்தான் சொன்னாள். நிமிர்ந்து பார்த்துச் சொன்னாளா என்பது ஞாபகத்தில் இல்லை.

விருந்தினர்களை வழியில் அவர்களுடைய விடுதியில் இறக்கிவிட்டு வேன் தோட்டத்துக்குத் திரும்பியது. தோட்டத்து ரோடு போன மழையில் சரிந்து போயிருந்தது. வேன் சரிவோடு நின்றது. அதற்கு முன்னால் சவப்பெட்டி கொண்டுவந்த மலர்சாலை வண்டியும் ஓரமாக நின்றிருந்தது. பாறூக் சைக்கிளை இறக்கிக் கொடுத்தார்.

"நான் நடந்து வாறேன். நீங்க போங்க தங்கச்சி."

மண்சரிவைச் சுற்றித் தேயிலைக்குள் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு ஒற்றையடிப் பாதை போட்டிருந்தார்கள். அதில் முதல் வளைவைத் தாண்டியதும் முன்னால் பெட்டி தெரிந்தது. நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். புதுப் பலகை, பளபளவென்று வார்னிஷ். வெறும் பெட்டி என்பதால் வேகமாகத்தான் நடந்தார்கள். ஆனாலும் ஏற்றம். அவள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனாள். முந்துவதற்கு இடமில்லை. சில்லு சுற்றும் சத்தம் கேட்டு, பின் பக்கம் பிடித்திருந்த ரஜீவ் திரும்பினான். பக்கத்து லயத்துப் பையன், அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"டேய், நில்லுங்கடா. யசோ வந்துருக்கு."

நால்வரும் பெட்டியோடு தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கி நின்றார்கள். மூச்சு வாங்கியது. அவள் சைக்கிளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, பெட்டியில் பட்டுவிடாமல் அவர்களைக் கடந்து போனாள். கொஞ்ச தூரம் போனதும் ரஜீவ் கூப்பிட்டான்.

"யசோ, மேல வழுக்கும். பாத்துப் போ."

லயத்து வாசலில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். தப்பு அடிப்பவர்கள் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பெண்களின் அழுகை ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. அம்மாவின் அக்கா பெரியாயிதான் முதலில் எழுந்து வந்தாள்.

"இந்தக் கோலத்துலயாடி வருவ? கால் தெரியுது. ஆம்பளைக நிக்கிறாங்க."

அம்மா விஜயலெட்சுமி உட்கார்ந்த இடத்திலிருந்தே கொடியில் கிடந்த ஒரு பழைய சேலையை உருவி நீட்டினாள். யசோதினி அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாடியைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அவர் மல்லாந்து, நீட்டிப் படுத்திருந்தார். அப்படி அவர் படுத்து இரண்டு வருடமிருக்கும். அழுகை வரும் என்று காத்திருந்தாள். தொடை நரம்புகள் தனியாகத் துடித்தன. காது அடைத்திருந்தது. சுவரில் தலையைச் சாய்த்தது மட்டும்தான் தெரியும்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறக்க முடியவில்லை, பேச்சு மட்டும் கேட்டது.

"பெத்த அப்பன் கெடக்குறாரு. இவ வாயத் தொறந்துகிட்டு தூங்குறா. பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க விஜயா?"

"தூங்கட்டும்க்கா."

"நாலு சனம்…"

"தூங்கட்டும்னு சொல்றேன்ல. கைய எடு."

அம்மா அப்படி அக்காவிடம் பேசி அவள் கேட்டதில்லை. மறுபடி தூங்கிவிட்டாள்.

விழித்தபோது விடிந்துகொண்டிருந்தது. காம்பரா நிறையப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். அப்பாவைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறாள். பின்பக்கம் அடுப்படியில் அம்மா தனியாக உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். யசோதினி போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணன் எங்கயாம்?"

"பெரகல சந்திக்கு வந்துட்டானாம். பஸ் கிடைக்கலயாம், ஆட்டோவுல வாறான்."

யசோதினி ஒரு விறகை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"தேடுனாராம்மா?"

"யார?"

"என்னய."

அம்மா யோசித்தாள். "தண்ணி கேட்டாரு. குடுத்தேன். பாதி குடிச்சாரு."

"வேற ஒண்ணும் சொல்லலயா?"

"சொல்லல."

"நா அந்நேரம் காட்டுக்குள்ள சிரிச்சிக்கிட்டு இருந்தேம்மா. அந்த வெள்ளக்காரரு சேத்துல மாட்டிக்கிட்டாரு. வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

அம்மா கேத்தலின் மூடியைத் திறந்து பார்த்து மறுபடி மூடினாள்.

"சத்தம் நின்னுச்சு" என்றாள். "திரும்பிப் பாத்தேன். தெரிஞ்சிச்சு. நா ஒடனே கத்தல. அடுப்புல தண்ணி கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு. தேத்தண்ணி ஊத்துனேன். இந்தா, இந்த எடத்துலதான் உக்காந்து குடிச்சேன். யாரும் கூப்புடல. ஆறுறதுக்குள்ள முழுசும் குடிச்சேன். அப்பறந்தான் பக்கத்துக் காம்பராவத் தட்டுனேன்."

விறகு வெடித்தது. அம்மா வெளியே விழுந்த தணலைக் குச்சியால் உள்ளே தள்ளினாள்.

"பெரியம்மாகிட்ட சொல்லிறாத."

"இல்லம்மா."

ஜெயகுமார் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வாசலிலேயே விழுந்து அழுதான். அவன் அழுகிறதைப் பார்த்து மற்ற பெண்களும் சேர்ந்து அழுதார்கள். குழி தயாராகிவிட்டது என்று மேலேயிருந்து ஆள் வந்து சொன்னான். மழைக்கு முந்தித் தூக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். பாறூக் நானாவும் தோள் கொடுக்க வந்தார்.

பெண்கள் வளைவுவரைதான் போகலாம். அங்கே வாய்க்கால் ஓரம் நின்றுகொண்டார்கள். தப்புச் சத்தம் முன்னே போக, பெட்டி தேயிலைக்கு மேலாகத் தெரிந்தது. ஒரு வளைவில் மறைந்து, அதற்கு மேல் வரிசையில் மறுபடி தெரிந்தது. ஒற்றையடிப் பாதையில் தோள் மாற்றுவதற்காக நடுநடுவே நின்றார்கள். தூறல் தொடங்கியது. பெரியாயி மற்ற பெண்களை அழைத்துக்கொண்டு, வீடு கழுவ வேண்டும் என்று திரும்பினாள். அம்மா நகரவில்லை.

புல் நனைந்திருந்தது. அம்மாவின் கணுக்காலில் ஓர் அட்டை ஏறியிருந்தது. குடித்துப் பருத்து, விழுகிற நிலையில் தொங்கியது. அம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யசோதினி குனிந்து நகத்தால் அதைத் தள்ளிச் சுண்டி எறிந்தாள். மெல்லிய நூல்போல இரத்தம் இறங்கியது. அப்படியே குந்தி, கட்டைவிரலை அந்த இடத்தில் அழுத்திக்கொண்டாள்.

தப்புச் சத்தம் ஓர் இடத்தில் நின்றது. விரலை எடுத்துப் பார்த்தாள். மறுபடி இரத்தம் வந்தது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டாள்.