குழாயைக் கேட்டு வந்தவன்

எங்கள் பாலைவனத்தைக் கடந்து லெபனான் கடற்கரை வரை முப்பது வருஷம் எண்ணெய் ஓடிய குழாய் அது. அதற்காகக் கம்பெனி தோண்டிய கிணற்றைச் சுற்றித்தான் எங்கள் கூடாரங்கள் நிலைத்தன. பிறகு எங்கோ சண்டை மூண்டது. எண்ணெய் நின்றது, கம்பெனி ஓடியது. நாங்கள் ஓடவில்லை.

போன மாதம் ஒப்பந்தக்காரன் ராக்கான் வெட்டும் இயந்திரங்களோடு வந்தான். எங்கள் குலத்தவன்தான். குழாயைப் பெயர்த்துவிட்டுக் கிணற்றையும் மூடும்படி அவனுக்கு உத்தரவு. என் கூடாரத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தான். விருந்தாளி அப்படி வைத்தால் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மானம் போய்விடும்.

"மாமா, நாங்க வெட்டறப்ப நீங்க யாரும் குறுக்க வரக்கூடாது."

"சரி, குடிச்சுத் தொலை" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

என் மனைவி நுவைர் என்னைத் திட்டித் தீர்த்தாள். மறுநாள் காலையில் அவளே அவன் கூடாரத்துக்குப் போனாள். அவன் காப்பி ஊற்றிக் கொடுத்தான். அவளும் குடிக்காமல் கீழே வைத்தாள். அவனுடைய ஆட்கள் பதினாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் செத்துப்போனது.

"என்ன வேணும் அத்தை?"

"உன் மெஷினை எல்லாம் ஏத்திக்கிட்டுக் கிளம்பு."

குழாய் அங்கேயேதான் கிடக்கிறது. துருப்பிடிக்கட்டும். எங்கள் கிணற்றடியில் கிடந்தே துருப்பிடிக்கட்டும்.