பன்னிரண்டு சிவப்புப் பொட்டு

லின்கோவ் நகரச் சோதனைக்கூடத்தில், காலையிலிருந்து மூன்றாவது முறையாகத் திரையில் பச்சைக் கோடு, வரம்பைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டித் துள்ளியது. ஆ-லுவான் வலது மணிக்கட்டில் பட்டையை இறுக்கிக்கொண்டாள். பதினெட்டு வருடம் திருகாணி திருப்பிய கை. சோப்புக்கட்டியைக்கூடப் பிடிக்காது, திருப்புளியை மட்டும் பிடிக்கும்.

மேசைமேல் இருந்தது தீவுக் கிராமங்களுக்கான குட்டி செல்போன் நிலையம். மென்பொருளால் ஓடும் ரேடியோ. எந்த அலைவரிசையில் பேசச் சொன்னாலும் பேசும். கூடவே பேசக்கூடாத இடத்திலும் உளறிவைக்கும். அந்த வாயைக் கட்டத்தான் ஃபில்டர்: ஓர் அலுமினிய டப்பா, பன்னிரண்டு திருகாணி. அதைக் கையால் சரிசெய்வதுதான் ஆ-லுவானுக்கும் இன்னும் ஐந்து பெண்களுக்கும் பிழைப்பு.

"பச்சைப் பொட்டலம் வச்சும் அடங்க மாட்டேங்குதே, அக்கா," என்றான் இன்ஜினியர் யென்-ஹுங். எந்திரம் சமர்த்தாக இருக்கட்டுமென்று, அந்த ஊர் நம்பிக்கைப்படி, பெட்டிமேல் பச்சைப் பொட்டலச் சோளப்பொரி வைத்திருந்தான்.

"தேதியப் பாத்தியாடா? போன மாசமே காலாவதி! அதான் கோவம் அதுக்கு."

அவன் பதறிப்போய்ப் புதுப் பொட்டலம் வாங்க ஓடினான். மேனேஜர் லாய் சிரிக்கவில்லை.

"இது பாஸானாத்தான் ஆர்டர், லுவான். ஆர்டர் வந்தாத்தான் உங்க ஆறு பேருக்கும் மேசை."

"தெரியும் மேனேஜர்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழாவது திருகாணியை ஒரு மயிரிழை உள்ளே விட்டாள். ஒன்பதாவதைக் கொஞ்சம் வெளியே. கோடு முரண்டுபிடித்தது, இறங்கியது, படுத்துக்கொண்டது. சோதனைக்கூட அதிகாரி சரியென்று தலையாட்டினார். அப்பாடா! திருகாணித் தலைகள் அசையாமலிருக்க ஒவ்வொன்றிலும் சிவப்பு அரக்கைப் பொட்டாக வைத்தாள். லாய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலியில் உயிர் போயிற்று. சந்தோஷத்தில் அவள் காட்டிக்கொள்ளவில்லை.

ஐந்து வாரம் கழித்துத் தொழிற்சாலைக்குச் சான்றிதழ் வந்தது, ஆர்டரும் வந்தது. ஃபில்டர் டப்பாக்கள் மட்டும் அவர்கள் மேசைக்கு வரவேயில்லை. பக்கத்து வரிசையில் பெட்டிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆ-லுவான் எட்டிப் பார்த்தாள். ஃபில்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாண் கம்பி.

"என்னடா இது, யென்-ஹுங்? அடுத்தவன் அலைவரிசையிலெல்லாம் பாயுமே!"

அவன் நிமிரவில்லை. "மென்பொருள்லயே சரிபண்ணிட்டோம்னு எழுதச் சொன்னாங்க, அக்கா."

"பண்ணிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

லாய் மேசையில் ஆறு பேருக்குமான வேலைவிலகல் தாள்கள் தயாராக இருந்தன.

"சோதனையில பாஸானது ஃபில்டர் வச்ச பெட்டிதானே, மேனேஜர்?"

"கடல் தாண்டிப் போற பெட்டி. அங்க யாரு அளக்கப் போறா? உனக்கென்ன, தங்கமான கை. எங்கயும் வேலை கிடைக்கும்." அந்தக் கையைப் பார்க்காமலே தாளை நகர்த்தினார். அவள் இடது கையால், கையெழுத்துக்குப் பதிலான தன் பெயர் முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

வாசலில் புதிதாக ஒரு கண்ணாடிப் பேழை. சட்டமிட்ட சான்றிதழுக்குக் கீழே அவளுடைய பெட்டி, மூடி திறந்தபடி, பன்னிரண்டு சிவப்புப் பொட்டோடு. பக்கத்தில் காலாவதியாகாத பச்சைப் பொட்டலம். வாங்க வந்தவர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடியில் கை ஊன்றிக் குனிந்து ஏழாவது திருகாணியைத் தேடினாள்.

"அம்மா, கண்ணாடியத் தொடாதீங்க," என்றான் காவலாளி. "உங்க கைரேகை விழுந்துடும்."

சொல்லிவிட்டு, அவள் கை பட்ட இடத்தைத் துணியால் துடைத்தான்.