எதிர்த்தரப்போடு ஒரு டீ

வக்கீல் அனிட்டாவுக்குச் சாயங்காலமானால் ஒரு டீ வேண்டும். வெறும் டீ இல்லை, தஞ்சாவூர் கோர்ட்டுக்கு எதிர்க்கடையில் கமருன்னிஸாவோடு குடிக்கிற டீ. கமருன்னிஸாவும் வக்கீல்தான், பாதிக் கேஸ்களில் இவளுக்கு எதிர்த்தரப்பு. உள்ளே கீரியும் பாம்புமாகச் சீறிவிட்டு, வெளியே வந்து ஒரே தட்டில் வாழைக்காய் பஜ்ஜியைப் பிய்த்துக்கொள்வார்கள். கட்சிக்காரர் அழுதது, ஜட்ஜ் கடிந்தது எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டுப் போனால்தான் அனிட்டாவால் வீட்டில் மனுஷியாக இருக்க முடியும்.

அதற்கும் வந்தது வினை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து விவசாயி இராஜாங்கம் அவளுடைய கட்சிக்காரர். வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலுக்காகப் பங்காளி அறிவுச்செல்வன் மேல் வழக்குப் போட்டிருந்தார். அறிவுச்செல்வனுக்கு வக்கீல் கமருன்னிஸா. ஒருநாள் இரண்டு வக்கீல்களும் சிரித்துக்கொண்டிருப்பதை இராஜாங்கம் பார்த்துவிட்டார்.

"என்ன வக்கீலம்மா, எதிர்க்கட்சி வக்கீலோட உக்காந்து பஜ்ஜி திங்கிறீங்க? என் கேஸு வெளங்குமா? இன்னொரு தடவ பாத்தேன், கேஸ் கட்டை வாங்கிட்டுப் போயிருவேன்."

வந்த கேஸை விட எந்த வக்கீலுக்கு மனசு வரும்? அனிட்டா டீயை நிறுத்தினாள்.

கோர்ட்டு அவளோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தது. சாம்பாரில் உப்பு குறைந்ததற்குப் புருஷன் கிளாட்சனைக் குறுக்கு விசாரணை செய்தாள். மகள் ஜாஸ்லின் சாப்பிட உட்காரத் தாமதமானதற்குப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்த் திரும்பும்போது கிளாட்சன் மெல்ல ஆரம்பித்தான்.

"அனி, திட்டாம கேளு. நீ கமருன்னிஸாவோட டீ குடிச்சிட்டே வந்துரு. எங்களால முடியல."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு கேஸுக்காகப் பெற்ற பிள்ளையை நடுங்க வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாய்தா அன்று, இராஜாங்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்குப் போய்க் கமருன்னிஸாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"கட்டு போனாப் போகட்டும்."

"என் ஆளும் அதே மிரட்டல்தான்," என்றாள் கமருன்னிஸா. "அந்த மரத்தடியப் பாரு."

மரத்தடியில் இராஜாங்கம் முறைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் தள்ளி அறிவுச்செல்வனும் முறைத்துக்கொண்டு நின்றார். பங்காளிகள் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காயிற்று. ஆனால் வயிற்றெரிச்சலை எவ்வளவு நேரம்தான் தனியாக வைத்துக்கொள்வது? இராஜாங்கம் ஏதோ முணுமுணுத்தார். "அதானே!" என்றார் அறிவுச்செல்வன். அப்புறம் இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். அடுத்த தட்டு பஜ்ஜி வருவதற்குள் சேர்ந்தே வந்து நின்றார்கள்.

"நாங்க அடிச்சிக்கணும், நீங்க கூடிக் குலாவணுமாக்கும்?" என்றார் இராஜாங்கம்.

"முறை வச்சுத் தண்ணி பாய்ச்சிக்கிறதா பேசிட்டோம்," என்றார் அறிவுச்செல்வன். "கேஸை வாபஸ் வாங்கிக் குடுத்துருங்க. உங்க ரெண்டு பேரையும் நம்பினா நடுத்தெருவுலதான் நிக்கணும்."

சொல்லிவிட்டு இருவரும் ஒரே பைக்கில் ஏறிப் போனார்கள்.

"போச்சு," என்றாள் கமருன்னிஸா.

"ரெண்டு பேருக்குமே போச்சு," என்றாள் அனிட்டா. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்கள்.

அன்று வீட்டுக்குள் நுழைந்த அம்மாவின் முகத்தை ஜாஸ்லின் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு, ஒரு வாரமாக மறைத்து வைத்திருந்த கணக்குப் பரீட்சை மார்க்கை, நூற்றுக்குப் பதினொன்று என்று, தைரியமாக வாயைத் திறந்து சொன்னாள்.