தேதி தவறிய கோப்பைகள்

1.

இந்தக் கதையை என் மனைவியிடம் கேட்காமல்தான் எழுதுகிறேன். கேட்டால், "எழுதுங்க, ஆனா நான் அழுத மாதிரி மட்டும் எழுதாதீங்க" என்பாள். அதனால் அழுகிற வரிகளை அடித்துவிட்டேன். ஒன்றிரண்டு தப்பியிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

2.

முதல் தொடக்கம்: ஆண்டிறுதி விடுமுறையின் பகல் வெளிச்சத்தில் பாட்டிலின் தக்கை தெறிக்க, நுரை அவளுடைய—

(வேண்டாம். விருந்துக் கதையைத் தக்கையில் தொடங்காத ஆள் உண்டா?)

இரண்டாம் தொடக்கம்: அவள் மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். இரண்டு அறுவை சிகிச்சை, ஏழு மாத விடுப்பு. அத்தனை நாளும் அவளுடைய வேலையை உடன் பணிபுரியும் நால்வர் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். திங்கட்கிழமை அவள் திரும்பிப் போகிறாள். அதற்குள் அவர்களிடம் மனதில் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். 'நன்றி' என்றால் மேடைப் பேச்சாகிவிடுகிறது. 'தேங்க்ஸ்' என்றால் பேனா இரவல் வாங்கியதுபோல இருக்கிறது. ஆகவே விருந்து வைத்தாள்.

3.

பொரித்த கோழி, உருளைக்கிழங்கு, கேக். நுரைக்கும் ஒயினை நான்தான் ஊற்றினேன். யாருடையது எது என்று குழம்பாமலிருக்க, ஒவ்வொரு கோப்பையிலும் அவரவர் பெயரும் ஒரு தேதியும் எழுதிய சீட்டை அவள் ஒட்டியிருந்தாள். தொழில் பழக்கம். மஞ்சளாக நுரைத்துக்கொண்டு, வரிசையாக ஐந்து பிளாஸ்டிக் கோப்பைகள். (அவளுக்கு மருத்துவர் அனுமதித்தது பழச்சாறுதான், அதற்குச் சீட்டில்லை.) வந்த நால்வரும் பார்த்தார்கள். ஒருவரும் கை நீட்டவில்லை.*

"ஏம்மா, இதை நாங்க குடிக்கணுமா, டெஸ்ட் பண்ணணுமா?" என்றார் நால்வரில் குறும்புக்காரர். வீடே அதிரச் சிரித்தார்கள்.

* புரியாதவர்கள், பரிசோதனைக்கூடத்துக்கு மஞ்சளாக என்னவெல்லாம் வரும் என்று யோசிக்கவும்.

4.

சிரிக்காதவர் நால்வரில் ஒருவரான அவர்கள் பிரிவுத் தலைவி மட்டுமே. அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி; அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது.

"ஜூன் ஒன்பதுன்னு போட்டிருக்கே. தேதி தப்பு. நம்ம வேலையில தேதி தப்பினா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?"

ஏழு மாதமாக அவளை யாரும் திட்டவில்லை. எல்லோரும், நான் உட்பட, கண்ணாடிச் சாமானைப்போலத்தான் கையாண்டோம். திட்டு விழுந்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது.

"தப்பில்லக்கா. அன்னைக்குத்தான் எனக்கு முதல் ஆபரேஷன். நீங்க ரெண்டு ஷிப்ட் பார்த்துட்டு, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்குத் தலை வாரிவிட்டீங்க."

மற்ற மூவரும் தத்தம் கோப்பையைத் திருப்பித் தேதியைப் படித்தார்கள். பூதக்கண்ணாடி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி—

(இங்கே ஒரு வரி அடிக்கப்பட்டது.)

பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "திங்கக்கிழமை எட்டு மணி. லேட்டா வந்தா இருக்கு உனக்கு" என்றார்.

5.

ஐந்தாவது கோப்பை என்னுடையது. ஆகஸ்ட் இருபத்திரண்டு. நாட்குறிப்பைப் புரட்டினேன். அன்றைக்கு ஒரே வரி: 'இன்றும் எதுவும் எழுத வரவில்லை.'

முடிவு அ: அன்று முழுக்க அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முடிவு ஆ: சூப்பைத் தீய்த்துவிட்டேன். அவள் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அவளையே கேட்டேன். "கதை எழுதறவர்தானே, கண்டுபிடிங்க" என்று போய்விட்டாள்.

ஒன்றுக்கும் உதவாமல் போனது என்று நான் எழுதிவைத்த நாளை ஒருத்தி தேதியோடு ஞாபகம் வைத்திருக்கிறாள். எனக்கு அது போதும், மனம் நிறைந்திருக்கிறது. அந்தச் சீட்டை உரித்து இந்தத் தாளின் தலையில் ஒட்டியிருக்கிறேன். முடிவு இ-யை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தேதியை மட்டும் திருத்திவிடாதீர்கள், அது தப்பில்லை.